கிளப்புக்கு எங்கேருந்து இவ்வளவு சல்லி? உதைபந்தாட்டக் கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, உதைபந்தாட்டம் பேச நாலு பேர் கூடினால் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் பேச்சு ஆட்டத்தை விட்டுச் சல்லிக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் வீரர்கள் கழகம் மாறும் ஜனவரி இடமாற்றக் காலம் இரவு 11 மணிக்கு முடிந்தால் நமக்கு அதிகாலை 4.30. லயத்தில் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் ஒருவன் போனைப் பார்த்து "இன்னொரு 50 மில்லியன்" என்பான். அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. ஆளை "வாங்குறது"ன்னா என்னங்க? மனுசனை விலைக்கு வாங்குறதா?

இல்லை. ஒப்பந்தம் முடிவதற்குள் அதை முறித்து வீரரை விட்டுக்கொடுப்பதற்குப் பழைய கழகம் கேட்கும் தொகைதான் இடமாற்றக் கட்டணம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் கட்டணம் கிடையாது. 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை அங்கே பல நாடுகளில் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பணம் கேட்டார்கள்.

நம் தோட்டங்களில் இருந்த துண்டு முறையைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டம் போவதென்றால், அவர்கள் பட்ட கடன் இவ்வளவு என்று பழைய துரை துண்டில் எழுதித் தருவார். புதிய துரை அதைக் கட்டினால்தான் போகலாம். ஆள் தட்டுப்பாட்டில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டி போட, துண்டுத் தொகை ஏறிக்கொண்டே போனது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உதைபந்தாட்டத்திலும் விலையை ஏற்றுவது வாங்குகிறவர்களின் போட்டிதான். ஒப்புமை அத்தோடு சரி. துண்டுக் கடன் தொழிலாளியின் தலையில் இருந்தது, இங்கே கடன் கழகத்தின் தலையில்.

2. 100 மில்லியன் பவுணுக்கு வாங்கினா, அம்புட்டையும் ஒரேயடியா எண்ணிக் குடுப்பாங்களா?

அநேகமாக இல்லை. மூன்று, நான்கு வருடத் தவணைதான் வழக்கம். "இத்தனை கோல் அடித்தால், சம்பியன்ஸ் லீக்குக்கு (ஐரோப்பாவின் பெரிய கழகப் போட்டி) தகுதி பெற்றால் இன்னும் இவ்வளவு" என்ற மேலதிகத் தொகையும் அதில் சேர்ந்திருக்கும். விற்ற கழகத்துக்கு அவசரமென்றால், வரப்போகும் தவணையை ஒரு வங்கியிடம் கொடுத்துக் கழிவு போக மீதியை இன்றைக்கே வாங்கிக்கொள்ளும்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். இந்த வருடம் வாங்கியவரின் தவணையோடு, போன வருடமும் முந்தின வருடமும் வாங்கியவர்களின் தவணையும் சேர்ந்து வரும். ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவருக்கும் தவணை ஓடும். பெரிய கழகங்கள் பலவற்றின் கணக்கில் "மற்றக் கழகங்களுக்குக் கொடுக்க வேண்டியது" என்ற வரி நூறு மில்லியனைத் தாண்டி நிற்பது இதனால்தான்.

3. அப்ப கணக்குப் புத்தகத்துல எப்படி எழுதுவாங்க?

தவணை வேறு, கணக்கு வேறு. பணத்தை எப்போது கொடுத்தாலும், கணக்கில் கட்டணத்தை ஒப்பந்த வருடங்களால் பிரித்துத்தான் செலவெழுதுவார்கள். 60 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 12 மில்லியன் செலவு. மூன்று வருடம் கழியும்போது 36 மில்லியன் எழுதியாகிவிட்டது; புத்தகத்தில் அவர் மதிப்பு 24 மில்லியன்.

அந்த நேரத்தில் அவரை 30 மில்லியனுக்கு விற்றால், "60க்கு வாங்கி 30க்கு வித்தாங்க, நட்டம்" என்று நாம் சொல்வோம். கணக்கோ 6 மில்லியன் லாபம் என்று சொல்லும். 15 மில்லியனுக்கு விற்றால் 9 மில்லியன் நட்டம், அதுவும் அந்த ஒரே வருடக் கணக்கில். ஆடாத வீரரை மலிவாகத் தள்ளிவிடக் கழகம் ஏன் தயங்குகிறது என்ற கேள்விக்கும் பதில் இதுதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 12, 13ஆம் கேள்விகளுக்குத் தேவைப்படும்.

4. விலைதானே பெருசு? சம்பளம் அதுல கொசுறுதானே?

வாரச் சம்பளம் 1,50,000 பவுண் என்று வையுங்கள். வருடத்துக்கு 7.8 மில்லியன், ஐந்து வருடத்துக்கு 39 மில்லியன். அதற்கு மேல் கையெழுத்துப் பணம், முகவர் கட்டணம், வெற்றிப்படி. 60 மில்லியன் வீரர் உண்மையில் 100 மில்லியனைத் தாண்டிவிடுவார். இலவசமாக வந்தவர் என்று சொல்லப்படுபவரும் இலவசமல்ல, கட்டணம் மிச்சமென்று அவருக்குச் சம்பளம் கூட்டித்தான் கொடுத்திருப்பார்கள்.

கழகங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தச் சம்பளம்தான். வரட்சியில் கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் வேலை நாளைக் குறைக்கிறார்கள், கிலோ வராவிட்டால் அரைப்பேர் போடுகிறார்கள். உதைபந்தாட்டத்தில் அது நடக்காது. கையெழுத்துப் போட்ட சம்பளம் தோற்றாலும் ஓடும், காயப்பட்டாலும் ஓடும். அதே சம்பளத்தைக் கொடுக்க இன்னொரு கழகம் கிடைக்காவிட்டால், விற்கும் கழகமே ஒரு பங்கைத் தொடர்ந்து கட்ட வேண்டியும் வரும். 2003இல் ரொபி ஃபவ்லரை மன்செஸ்டர் சிட்டிக்கு விற்ற பிறகும் இங்கிலாந்தின் லீட்ஸ் கழகம் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தது.

5. ஜெர்சி வித்தே போட்ட சல்லிய எடுத்துருவாங்கன்னு சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜெர்சி 80 பவுண். பெரும்பங்கு தயாரிக்கும் கம்பனிக்கும் கடைக்கும் போகும். கழகத்துக்குப் பத்து வீதம் என்று வைத்தால் 8 பவுண். 100 மில்லியனைத் திருப்பி எடுக்க ஒன்றேகால் கோடி ஜெர்சி விற்க வேண்டும், அதுவும் அந்த வீரர் வராவிட்டால் விற்றிருக்காத ஜெர்சியாக. நம் பஜாரில் தொங்குகிற ஜெர்சிகளில் கழகத்துக்கு ஒரு சதமும் போவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

6. அப்ப சல்லி எங்கேருந்துதான் வருது?

தொலைக்காட்சி உரிமை, மைதான நுழைவு, விளம்பரமும் அனுசரணையும், ஐரோப்பியப் போட்டிப் பரிசு, வீரர் விற்பனை. முதல் மூன்றும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். நாலாவது, போன பருவத்தில் எத்தனையாம் இடம் வந்தோம் என்பதில் தொங்குகிறது. ஐந்தாவதைச் சந்தைதான் தீர்மானிக்கும்.

இங்கிலாந்தில் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் அறுந்து விழும். அந்த விழுகையைத் தாங்க "பரசூட்" பணம் உண்டு: மேலே இருக்கும் கழகங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பங்கில் முதல் வருடம் 55 வீதம், அடுத்தது 45, மூன்றாவது 20. புத்தியுள்ள கழகம், இறங்கினால் சம்பளமும் இவ்வளவு குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடும். "நாங்க இறங்கவே மாட்டோம்" என்று எழுதாமல் விட்டவர்களைத்தான் பின்னால் செய்தியில் பார்க்கிறோம்.

7. பெருசுங்க எல்லாம் லீட்ஸ் லீட்ஸ்னு சொல்றாங்களே, அங்க அப்படி என்ன நடந்துச்சு?

வராத பணத்தை வந்ததாக எண்ணிச் செலவழித்தார்கள். 2000 நவம்பரில் ரியோ ஃபேர்டினண்டை 18 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள், அன்றைய பிரித்தானியச் சாதனை விலை. 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். அந்த உற்சாகத்தில், வரும் 25 வருட நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடு காட்டி 60 மில்லியன் பவுண் கடன் எடுத்தார்கள். கணக்கு எளிமையானது: ஒவ்வொரு வருடமும் சம்பியன்ஸ் லீக் போவோம், அந்தப் பணத்தில் கட்டுவோம்.

2001இல் லீக்கில் நாலாமிடம் வந்தார்கள். அப்போது சம்பியன்ஸ் லீக்குக்கு இங்கிலாந்திலிருந்து மூன்று இடம்தான். 2002இல் ஐந்தாமிடம். இரண்டு முறை தவறியதுமே கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஃபேர்டினண்ட் சுமார் 30 மில்லியனுக்கு மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் போனார். அது நல்ல விலை. அதற்குப் பிறகு லீட்ஸுக்குக் கழுத்து நெரிகிறது என்பது சந்தைக்கே தெரிந்துவிட்டது. வூட்கேட் 9 மில்லியனுக்கு, கியூவெல் 5 மில்லியனுக்கு என்று கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். கல்யாணச் செலவுக்கு நகை விற்கப் போகிறவன் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் விலை சொல்வாரே, அதே கதைதான். புதிய நிர்வாகம் கணக்கைத் திறந்தபோது, தலைவர் அறையில் தங்கமீன் தொட்டிக்கு மாதம் 20 பவுண் வாடகை என்றொரு வரி இருந்தது. பத்திரிகைகள் அந்த மீனைத்தான் பிடித்துக்கொண்டன. எங்களைக் கேட்டால் மீன் பாவம். 60 மில்லியன் வரியைப் பார்த்திருக்க வேண்டும்.

2004 மே மாதம் கீழே இறங்கினார்கள். அதே வருடம் எலன்ட் ரோட் மைதானத்தையே விற்று வாடகைக்கு இருந்தார்கள். 2007 மேயில் திவால் நிர்வாகம் (கடன் கட்ட முடியாத கழகத்தை வெளியாள் ஒருவர் பொறுப்பெடுப்பது), 10 புள்ளி வெட்டு, மூன்றாம் பிரிவு. அடுத்த பருவத்தை மைனஸ் 15 புள்ளியோடு தொடங்கினார்கள். பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது 2020இல்.

8. ஓனர் பெரிய கோடீஸ்வரன்னா கவலை எதுக்கு?

கோடீஸ்வரன் கொடுப்பது இரண்டு வகை. பங்கு மூலதனமாகக் கொடுத்தால் அது கழகத்தின் பணம். கடனாகக் கொடுத்தால் என்றைக்கும் திருப்பிக் கேட்கலாம். லண்டன் கழகமான செல்சிக்கு அதன் உரிமையாளர் அப்ரமோவிச் கொடுத்தது கடன், சுமார் 1.5 பில்லியன் பவுண். 2022இல் தடைக்கு உள்ளாகி விற்க வேண்டி வந்தபோது அதைத் தள்ளுபடி செய்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

இரண்டாவது ஆபத்து, ஆசை தீர்ந்துவிடுவது. ரஷ்யாவின் அன்ஜி மகச்சலா 2011இல் நட்சத்திர வீரர் எட்டூவைப் பெருஞ்சம்பளத்துக்கு அழைத்து வந்தது. 2013இல் உரிமையாளர் செலவைச் சுருக்க, நட்சத்திரங்களை விற்றார்கள். 2022இல் கழகமே இல்லாமல் போனது. சீனாவின் ஜியாங்சு 2020 நவம்பரில் தேசிய சம்பியன், 2021 பெப்ரவரியில் செயற்பாட்டை நிறுத்திவிட்டது. கோப்பை கையில் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

9. கிளப்பு முறிஞ்சா யாருக்கு அடி விழும்? ஆடுறவனுங்க சம்பளம் போயிருமா?

இங்கிலாந்தில் ஆடுகிறவருக்கு அடி குறைவு. "உதைபந்தாட்டக் கடன்காரர் விதி" என்று ஒன்று அங்கே இருக்கிறது: திவாலான கழகம் லீக்கில் தொடர வேண்டுமானால் வீரர்களின் சம்பளத்தையும் மற்றக் கழகங்களுக்கான பாக்கியையும் முழுதாகத் தீர்க்க வேண்டும். மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள். வரித் திணைக்களம் இதை எதிர்த்து நீதிமன்றம் போய் 2012இல் தோற்றது.

மற்றவர்கள் என்றால் யார்? 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற போர்ட்ஸ்மவுத்தைப் பாருங்கள். சுமார் 20,000 பேர் உட்காரும் மைதானத்தை வைத்துக்கொண்டு பெரிய கழகச் சம்பளம் கொடுத்தார்கள். 2010 பெப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கழகமானார்கள். 9 புள்ளி வெட்டு, கீழிறக்கம். கழகம் பணம் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்யும் சென் ஜோன்ஸ் அம்பியுலன்ஸ்கூட இருந்தது. சாதாரணக் கடன்காரருக்குப் பவுணுக்கு 20 பென்ஸ் என்று பேசி முடித்தார்கள். மெத்தையில் படுத்தவனுக்கு முழுச் சம்பளம், மெத்தை தைத்தவனுக்கு அஞ்சில் ஒன்று.

ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதை இன்னும் மோசம். 2011இல் ஒரு பவுணுக்குக் கைமாறியது. வாங்கியவர், வரப்போகும் வருடங்களின் பருவச்சீட்டை முன்கூட்டியே விற்று அந்தப் பணத்தில் வங்கிக் கடனை அடைத்தார். 2012 பெப்ரவரி 14இல் வரிப்பாக்கியோடு திவால் நிர்வாகம். பவுணுக்கு இவ்வளவு என்ற பேச்சை வரித் திணைக்களம் ஏற்கவில்லை. புதிய கம்பனியாக நாலாம் பிரிவில் தொடங்கினார்கள். உச்சப் பிரிவுக்குத் திரும்ப 2016 ஆனது.

10. மெஸ்ஸி சல்லி வாங்காம சும்மா ஆடியிருக்கலாமே? பார்சிலோனாவ விட்டு ஏன் போனாரு?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. பாதிச் சம்பளத்துக்கு அவர் சம்மதித்திருந்தார். தடுத்தது ஸ்பெயினின் உச்ச லீக்கான லா லீகா. அங்கே ஒவ்வொரு கழகத்தின் அணிச் செலவுக்கும் வருமானத்தைப் பார்த்துப் பருவத்துக்கு முன்பே உச்சவரம்பு போடுகிறார்கள். வரம்பைத் தாண்டிய ஒப்பந்தத்தைப் பதிவே செய்யமாட்டார்கள். பதிவில்லாவிட்டால் லீக்கில் இறங்க முடியாது. 2021 ஆகஸ்டில் கழகத் தலைவர் லப்போர்த்தா சொன்ன கணக்கு: மெஸ்ஸியோடு சம்பளச் செலவு வருமானத்தில் 110 வீதம், மெஸ்ஸி இல்லாமலே 95 வீதம். அவர் சம்பளத்தைச் சுழியமாக்கினாலும் கழகம் வரம்புக்குள் வந்திருக்காது.

அந்த நிலைக்கு வந்ததற்குக் கொரோனா மட்டும் காரணமில்லை. 2017இல் நெய்மரை விற்று 222 மில்லியன் யூரோ வந்தது. கையில் பணம் இருப்பது விற்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும் (லீட்ஸின் நேர் எதிர், அங்கே பணம் இல்லாதது தெரிந்தது). டெம்பெலே, கூட்டினியோ, 2019இல் கிரீஸ்மன் என்று மூவருக்கும் தலைக்கு நூறு மில்லியனுக்கு மேல் போனது. நாலாம் கேள்வியில் சொன்ன சம்பளமும் கூடவே ஏறியது.

2022இல் அவர்கள் செய்தது, லா லீகா தொலைக்காட்சி உரிமையில் 25 வீதத்தை 25 வருடத்துக்கு விற்றது. பணம் வந்தது, வீரர்களைப் பதிந்தார்கள். ஆனால் இன்று பிறக்கும் குழந்தைக்கு 20 வயதாகும்போதும் அந்தப் பங்கு அவர்களுடையதாக இருக்காது.

11. எவர்ட்டனுக்குப் புள்ளி வெட்டினாங்களே, கோல் போடாததுக்கா?

நட்டத்துக்கு. பிரீமியர் லீக்கில் மூன்று பருவத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுண் வரை நட்டம் போகலாம் என்றொரு விதி. அதில் 15 மில்லியன்தான் கழகத்தின் சொந்த நட்டம், மீதி 90ஐ உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டு ஈடுசெய்ய வேண்டும். இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, மைதானம் கட்டுவது போன்ற செலவை நட்டத்தில் சேர்ப்பதில்லை. எவர்ட்டனின் நட்டம் 124.5 மில்லியன். 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள், மேன்முறையீட்டில் 6 ஆனது. அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் இன்னும் 2.

நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட் கதை இதைவிடச் சுவையானது. மூன்று பருவத்தில் இரண்டு கீழ்ப் பிரிவில் கழிந்ததால் அவர்களுக்கு வரம்பு 61 மில்லியன்தான் (கீழே இருக்கும் பருவத்துக்கு 13, மேலே 35). கணக்கு மூடும் நாள் 2023 ஜூன் 30. பிரெனன் ஜோன்சனை அதற்கு முன் விற்றிருந்தால் பெரும்பகுதி சரியாகியிருக்கும். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டெம்பர் 1இல் 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். "கூடுதல் விலை எடுத்தது தப்பா?" என்று வாதாடினார்கள். விசாரணைக்குழு ஏற்கவில்லை, 4 புள்ளி போனது. தராசு மூடியபின் கொண்டுபோன கொழுந்து எவ்வளவு நல்ல கொழுந்தானாலும் அன்றைய பேரில் விழாது.

2026-27 பருவத்திலிருந்து இந்த மூன்று வருட நட்டக் கணக்குக்குப் பதிலாக, அணிச் செலவு வருமானத்தில் 85 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற முறைக்குக் கழகங்கள் 2025 நவம்பரில் வாக்களித்தன. ஐரோப்பியச் சம்மேளனமான யுஈஃபாவின் போட்டிகளில் அந்த எல்லை 70 வீதம்.

12. வெளியிலிருந்து வாங்கினவனை வச்சுக்கிட்டு, சொந்தமா வளர்த்த பொடியனை ஏன் விக்கிறாங்க?

மூன்றாம் பதிலுக்குப் போங்கள். வாங்கியவருக்குப் புத்தகத்தில் மீதி மதிப்பு இருக்கும். சிறு வயதிலிருந்து கழகத்திலேயே வளர்ந்தவருக்கு வாங்கிய விலை சுழியம், ஆகவே புத்தக மதிப்பும் சுழியம். விற்கிற விலை முழுதும் லாபம். தான் வளர்த்த மேசன் மவுண்டை 2023இலும் கொனர் கலகரை 2024இலும் செல்சி விற்றதில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு. கழகம் அளவுக்கு மீறாமல் இருக்கப் போட்ட விதி, சொந்தப் பிள்ளையை விற்றால் பரிசு தருகிறது. இந்த விதிகளில் எங்களுக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

இதே ஓட்டையில் வந்தது மாற்றல் வியாபாரம். 2020இல் பியானிச்சும் ஆர்த்தரும் இத்தாலியின் யுவென்டஸ், பார்சிலோனாவுக்கிடையே இடம் மாறினார்கள். இருவருக்கும் 60, 70 மில்லியன் யூரோ என்று விலை எழுதியதால் கைமாறிய பணம் கொஞ்சமாக இருந்தும் இரண்டு பக்கமும் "லாபம்" வந்தது. இப்படி விலை ஊதிப் பெருக்கிய கணக்குகளுக்காகவே யுவென்டஸுக்கு 2022-23 பருவத்தில் 10 புள்ளி போனது.

13. செல்சி எட்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்குனாங்களே, அது என்ன தந்திரம்?

அதே வகுத்தல்தான். 80 மில்லியனை ஐந்தால் வகுத்தால் வருடம் 16, எட்டால் வகுத்தால் 10. 2023 ஜனவரியில் முட்ரிக் என்ற வீரருக்கு எட்டரை வருடம் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு யுஈஃபா அந்தக் கோடையிலிருந்தும், பிரீமியர் லீக் 2023 டிசம்பரிலிருந்தும் "எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது" என்றன. தந்திரத்தின் விலை ஒன்று உண்டு: வீரர் சோபிக்காவிட்டால் எட்டு வருடச் சம்பளமும் கழகத்தின் கழுத்தில்.

செல்சி மைதானத்தோடு ஒட்டிய ஹோட்டல்களைத் தன் தாய்க் கம்பனியின் இன்னொரு கிளைக்கு 76.5 மில்லியன் பவுணுக்கு விற்றதும் இந்த வகைதான். இடது சட்டைப்பையிலிருந்து வலது சட்டைப்பைக்கு. பிரீமியர் லீக் விதி அப்போது அதைத் தடுக்கவில்லை. யுஈஃபா அப்படிப்பட்ட வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 2025 ஜூலையில் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ தண்டம் போட்டது.

14. சின்னவனுக்குத்தான் தண்டனை. சிட்டி மேல 100க்கு மேல குற்றச்சாட்டு, ஒன்னும் நடக்கலையே?

கோபம் நியாயமானது, ஒப்பீடு சரியில்லை. எவர்ட்டனும் ஃபொரஸ்டும் தங்கள் கணக்கைத் தாங்களே கொடுத்து, வரம்பு மீறியதை ஒப்புக்கொண்டன. தண்டனை எவ்வளவு என்பதுதான் வழக்கு. மன்செஸ்டர் சிட்டி மீது 2023 பெப்ரவரியில் வைத்த குற்றச்சாட்டு, கொடுத்த கணக்கே உண்மையில்லை என்பது. அவர்கள் முழுதாக மறுக்கிறார்கள். பல வருட ஆவணங்களைத் தோண்ட வேண்டிய வழக்கு அது. 2024 செப்டெம்பரில்தான் விசாரணையே தொடங்கியது.

நல்ல சட்டத்தரணி வைக்கப் பணமுள்ளவர் நீண்ட நாள் நின்று பிடிப்பார் என்பதும் பொய்யில்லை. 2020இல் யுஈஃபா சிட்டிக்குப் போட்ட இரண்டு வருட ஐரோப்பியப் போட்டித் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் நீக்கி, 30 மில்லியன் யூரோ தண்டத்தை 10 ஆக்கியது.

15. ஜெர்மனில இந்தப் பிரச்சினையே இல்லையாமே?

குறைவு. அங்கே கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தவர்களிடம் இருக்க வேண்டும், பருவத்துக்கு முன்பே கணக்கைக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். அப்படியும் டோர்ட்மண்ட் மாட்டியது. 2000இல் பங்குச் சந்தைக்குப் போய், வந்த பணத்தில் வீரர்களை வாங்கி, 2002இல் லீக்கை வென்றார்கள். சம்பியன்ஸ் லீக் தவறியதும் சரிந்தார்கள். மைதானத்தை ஒரு முதலீட்டு நிதியத்துக்கு விற்றுவிட்டிருந்தார்கள். 2005 மார்ச் 14இல் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் டுசல்டோர்ஃபில் கூடி மீட்புத் திட்டத்துக்குக் கை தூக்கியதால்தான் கழகம் பிழைத்தது. நடுவில் எதிராளி பயேர்ன் 2 மில்லியன் யூரோ கைமாற்றுக் கொடுத்ததும் நடந்தது.

16. அழிஞ்ச கிளப்பு திரும்பி வருமா?

வரும், கீழேயிருந்து. ஃபியோரென்ட்டினா 2002இலும் நாப்பொலி 2004இலும் பார்மா 2015இலும் முறிந்து மறுபடி எழுந்தவை. பார்மாவின் கோப்பைகளையே ஏலத்தில் போட்டார்கள். நாப்பொலி 2023இலும் 2025இலும் இத்தாலியச் சம்பியன். சின்ன ஊர்க் கழகத்துக்கு அது கடினம். 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்ட பெரி, தன் பழைய மைதானத்தில் சொந்தப் பெயரில் மறுபடி ஆட 2023 ஆனது, அதுவும் பல படி கீழே.

17. இதெல்லாம் கோடிக் கணக்கு. நம்ம தோட்ட டீமுக்கு இதுல என்ன இருக்கு?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடக்கும் ஏழு பேர் போட்டியில் "வெளி ஆள்" இறக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆள் ஒருவருக்குப் பணம், வேன், சாப்பாட்டுப் பார்சல், ஜெர்சி. இவ்வளவுக்கும் நம்பிக்கை முதல் பரிசுத் தொகை. அரையிறுதியில் பெனல்ட்டி தவறினால் வேன்காரர் வீட்டு வாசலில் நிற்பார். லீட்ஸ் செய்ததும் இதுதான், சுழியம் மட்டும் கூட.

செய்யக்கூடியது: பரிசுத் தொகையை வரவில் எழுதவே வேண்டாம். கடைக்காரரோ அரசியல்வாதியோ "தர்றேன்" என்றதைக் கைக்கு வரும்வரை எண்ண வேண்டாம். வேனுக்கும் சாப்பாட்டுக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியிருந்தால் மட்டும் வெளி ஆள். அவருக்குத் தோற்றால் எவ்வளவு, வென்றால் எவ்வளவு என்பதைப் புறப்படுமுன் இரண்டு பேர் முன்னால் பேசிவிடுங்கள். கடையில் ஒருவர் பெயரில் கடன் சொல்லாமல் கழகத்தின் பெயரில் சொல்லி, கணக்குக் கொப்பியில் அன்றைக்கே எழுதுங்கள். சங்கத் தலைவர் தன் பெயரில் சொன்ன கடன்தான் அடுத்த வருடச் சண்டை.

18. நம்ம பொடியன் ஒருத்தன் பெரிய கிளப்புக்குப் போனா, வளர்த்த நமக்கு ஏதாச்சும் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. நாட்டுக்கு நாடு கட்டணத்தோடு நடக்கும் இடமாற்றத்தில் 5 வீதத்தைப் பிடித்து, அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் 0.25 வீதம், 16 முதல் 23 வரை 0.5 வீதம். 12 தொடங்கி 18 முடிய உங்கள் கழகத்தில் இருந்தவர் 20 லட்சம் யூரோவுக்குக் கைமாறினால் உங்களுக்கு 2.5 வீதம், அதாவது 50,000 யூரோ. கட்டணமில்லாமல் போனால் இந்தப் பங்கு இல்லை. முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு என்று வேறொன்று உண்டு.

தவறுவது பதிவில்தான். கழகம் லீக் வழியாகத் தேசிய சம்மேளனத்தில் பதிந்திருக்க வேண்டும், பையனும் அந்தக் கழகத்தின் பெயரில் ஒவ்வொரு பருவமும் பதிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் 18 வயதுவரை பெரும்பாலானோர் பாடசாலை அணிக்கு மட்டும் ஆடுகிறார்கள். பாடசாலை அணியில் ஆடியது பொதுவாக இந்தக் கணக்கில் வராது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பதிவில் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின் என்று இருந்தால், 2022 முதல் இந்தப் பணத்தைப் பிரிக்கும் ஃபிஃபாவின் தீர்வகத்தில் ஆளைப் பொருத்துவது பெரும்பாடு. 12 வயதில் பதியும்போதே மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுப் படிவத்தின் பிரதியைத் திகதியோடு கழகக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.